பீசுக்கு 4 ரூபாய் 20 காசு

கேள்வி: ஐயா, எனக்கு வயது 52. புதூர் ஐடிஐயில் டர்னர் முடித்து, வெளியே பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, 2003ல் சொந்தமாக லேத் பட்டறை போட்டேன். மூன்று லேத், ஒரு மில்லிங் மிஷின், ஒரு ட்ரில்லிங் மிஷின், நாலு ஆட்கள். டூவீலர் பாகங்கள் செய்யும் ஒரே கம்பெனியின் ஜாப் ஒர்க்தான் முக்கால்வாசிக்கு மேல். இப்போது அவர்கள், "லேத்தில் போட்ட சரக்கு இனி வேண்டாம், சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மிஷின்) போடுங்கள், மாதம் 20,000 பீஸ் தருகிறோம், பீசுக்கு 4 ரூபாய் 20 காசு" என்கிறார்கள். டிராயிங்கில் சைக்கிள் டைம், அதாவது ஒரு பீசுக்கு ஆகும் நேரம், 45 செகண்ட் என்று இருக்கிறது. மிஷின் விலை 22 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்தால் கடன் கிடைக்கும் என்று பேங்கில் சொல்கிறார்கள். என் அப்பா மதுரையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சைடராக, அதாவது நூற்பு ஃபிரேமின் பக்கங்களைப் பார்க்கும் ஆளாக இருந்தவர். ஒரு சைடு பார்த்து வேலையை ஆரம்பித்து கடைசியில் நாலு சைடு பார்த்தார், அப்புறம் மில்லே மூடிவிட்டது, செட்டில்மென்டுக்குப் பல வருடம் அலைந்தார். அதே கதை எனக்கும் வருமோ என்று பயமாக இருக்கிறது. எலெக்ட்ரிக் வண்டி வந்தால் எங்கள் வேலையே இருக்காது என்கிறார்கள். பையன் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டுப் பட்டறைக்கு வருகிறேன் என்கிறான், அவன் அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. நம் நாட்டில் இந்த மாதிரித் தொழில் இனி நிற்குமா, அல்லது லேத்தையெல்லாம் விற்றுவிட்டு ஒதுங்கிவிடலாமா?

(பெயர் வேண்டாம், கே.புதூர், மதுரை)

பதில்: தம்பி, உங்களைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன் என்பதால் அப்படியே கூப்பிடுகிறேன். ஒரு வங்கியில் 26 வருடம் சிறுதொழில் கடன் பார்த்தேன், ரிட்டயரான பிறகு சின்னப் பட்டறைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த 4 ரூபாய் 20 காசுதான். நாடு என்ன ஆகும் என்பதெல்லாம் அப்புறம்தான் பட்டது. இந்த விலைக்கு அந்த மிஷினை வாங்காதீர்கள். ஏன் என்று பென்சிலும் காகிதமுமாகக் கீழே போட்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் பயப்படுகிற காரணம் வேறு, நான் வேண்டாம் என்கிற காரணம் வேறு, அதனால் முதலில் அப்பா கதைக்கு வருகிறேன்.

உங்கள் அப்பா ஒரு சைடில் ஆரம்பித்து நாலு சைடு பார்த்தார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குள் உலகத்தில் எல்லா நாட்டு ஆலைகளின் கதையும் இருக்கிறது. அதே ஃபிரேம், அதே பஞ்சு, அதே நூல், பார்க்கிற ஆள் மட்டும் நாலில் ஒன்று. அமெரிக்காவில் 1979ல் ஆலை வேலையில் ஒரு கோடியே 95 லட்சம் பேர் இருந்தார்கள், இப்போது ஒரு கோடியே 30 லட்சத்துக்கும் கீழே. அங்கே உற்பத்தியாகும் சரக்கு குறைந்துவிட்டதா என்றால் இல்லை, அன்றைக்கு இருந்ததைவிட அதிகம். இது ஒரு வகை மாற்றம்: சரக்கு இருக்கும், ஆள் குறைவார்கள்.

இன்னொரு வகை, சரக்கு இருக்கும், செய்கிற இடம் நகர்ந்துவிடும். இதற்கு மதுரைக்காரனுக்கு வெளியூர் உதாரணமே தேவையில்லை. ஸ்டேஷன் பக்கம் ஹார்வி மில் என்றுதானே இன்றைக்கும் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஹார்விபட்டி என்று ஊருக்கே பெயர் வைத்தாயிற்று. 1892ல் ஹார்வி சகோதரர்கள் இங்கே மில் வைத்தார்கள், கூலி மலிவு, பஞ்சு பக்கத்திலேயே, ரயிலும் இருந்தது. 1974ல் அது ஸ்காட்லாந்துக்காரர்களான கோட்ஸுடன் சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது, தையல் நூலுக்குப் பெயர் வாங்கியது. அப்புறம் சட்டை பிராண்டுக்குள் நுழைந்தார்கள், அந்தச் சட்டைப் பிரிவை 1999, 2000 வாக்கில் பிர்லா குழுமம் வாங்கிக்கொண்டது. இன்றைக்கு மாலில் லூயி பிலிப், வான் ஹியூசன் என்று ஐந்தாயிரம் ரூபாய்க்குச் சட்டை வாங்குகிறார்களே, அந்த வியாபாரத்தின் பெயரில் 'மதுரா' இருந்தது, எத்தனை பேருக்குத் தெரியும்?  இதில் இன்னொரு வேடிக்கை. கோட்ஸின் சொந்த ஊரான பெய்ஸ்லியில் அவர்களுடைய நூல் உற்பத்தி 1993ல் நின்றேபோனது. மதுரையைப் பார்த்து அந்த ஊர்க்காரன் வயிறெரிந்திருப்பான். நாம் பங்களாதேஷைப் பார்த்து எரிகிறோம்.

நம் மில்களுக்கு அடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், யூனியன் என்பார்கள், முதலாளி என்பார்கள், கரண்ட் என்பார்கள். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் நூலும் நெசவும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்த பழைய மில்களிடமிருந்து நெசவு முதலில் பறிபோனது விசைத்தறிக்குத்தான். ஒரு கட்டத்தில் நாட்டில் நெய்யும் துணியில் மில் துணி நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. துணி உடுத்துவதை யாரும் நிறுத்தவில்லையே. வேலை செல்லூரிலும் சோமனூரிலும் பள்ளிப்பாளையத்திலும் ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெரியதிடமிருந்து சின்னவர் கைக்கு வந்த வேலை அது. அதை மறக்காதீர்கள், இடம் மாறுவது எப்போதும் நமக்கு எதிராகத்தான் இருக்கும் என்று விதி கிடையாது.

அப்புறம் மூன்றாவது வகை, பொருளே போய்விடுவது. இதற்கு என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் நான் விருதுநகர் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். சாத்தூர் என்றால் உங்களுக்குக் காராச்சேவும் வெள்ளரிக்காயும் ஞாபகம் வரும், எனக்குப் பேனா நிப். வீட்டுக்கு வீடு என்று சொல்லும்படி அங்கே நிப் அடித்துக்கொண்டிருந்தார்கள். தகட்டை வெட்டி, வளைத்து, நடுவில் முடி மாதிரி ஒரு கீறல் போட்டு, முனையைத் தேய்த்து, ஒவ்வொன்றும் இத்தனூண்டு. பால் பாயின்ட் பேனா பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்ட காலம். ஒருவர் கடன் கேட்டு வந்தார். கை பிரஸ் நாலு வைத்திருந்தார். நிப் ஆர்டர் செத்துப்போச்சு சார், ஸ்விட்ச்சுக்கு உள்ளே வருகிற பித்தளைத் தகடு அடிக்கப் போகிறேன், டை (அச்சு) செய்யப் பணம் வேண்டும் என்றார். நான் ஃபைலைப் பார்த்தேன், தொழில் என்ற இடத்தில் 'பேனா நிப்' என்று இருந்தது. செத்துக்கொண்டிருக்கிற தொழில், கடன் கிடையாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். மனிதர் வட்டிக்கு வாங்கி டை போட்டார். ஒன்றரை வருடம் கழித்து ஒரு பொட்டலம் காராச்சேவுடன் வந்து, என் மேஜையில் நாலைந்து பித்தளைத் துண்டுகளைக் கொட்டினார். ஒவ்வொன்றிலும் நடுவில் அதே முடி மாதிரிக் கீறல். வேறொன்றும் பேசவில்லை, சேவு நல்லா இருக்கும் சார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சேவு தொண்டையில் இறங்கவில்லை. நான் அவர் செய்த பொருளைத் தொழில் என்று நினைத்தேன். மெல்லிய தகட்டை மயிரிழை பிசகாமல் வெட்டுகிற கைதான் அவர் தொழில், நிப் என்பது அன்றைக்கு அந்தக் கைக்குக் கிடைத்த ஆர்டர்.

இப்போது உங்கள் பட்டறைக்கு வருவோம். உங்களுக்கு வந்திருப்பது இந்த மூன்றில் எது? நீங்கள் மூன்றாவது என்று பயப்படுகிறீர்கள், எலெக்ட்ரிக் வண்டியால் பொருளே போய்விடும் என்று. பார்த்துவிடலாம். இன்று சாயங்காலம் ஆட்கள் போன பிறகு, இந்த ஒரு வருடத்தில் நீங்கள் போட்ட ஒவ்வொரு அயிட்டத்திலும் ஒரு பீஸ் எடுத்து மேஜையில் வரிசையாக வையுங்கள். பெட்ரோல் எஞ்சினுக்குள்ளேயோ அதை ஒட்டியோ போவது எல்லாம் இடது பக்கம்: கிக்கர் ஷாப்ட், வால்வு கைடு, ராக்கர் பின், சைலன்சர் புஷ் இந்த மாதிரி. எஞ்சின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டிக்கு வேண்டியது வலது பக்கம்: ஆக்சில் ஸ்பேசர், ஸ்டாண்டு பின், பிரேக் கேம், ஸ்விங் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பருக்கு வருகிறது. மின்சார வண்டியும் பிரேக் பிடித்துத்தான் நிற்க வேண்டும், ஸ்டாண்டு போட்டுத்தான் நிறுத்த வேண்டும். இடது பக்கக் குவியலில் பில் தொகை எவ்வளவு, வலதில் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், தொகை.

எஞ்சின் பக்கமே உங்கள் வேலை பூராவும் இருந்தாலும் நாளைக்கே ஒன்றும் ஆகிவிடாது. 2024-25ல் நாட்டில் விற்ற இருசக்கர வண்டியில் மின்சாரம் நூற்றுக்கு ஆறு அளவில்தான். ஓடிக்கொண்டிருக்கிற பெட்ரோல் வண்டிகளுக்கு இன்னும் பல வருடம் ஸ்பேர் வேண்டும். ஆனால் அசட்டையாகவும் இருக்க முடியாது. கார்புரேட்டருக்கு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். 2020 ஏப்ரல் 1ல் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்தது, பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் உட்கார்ந்தது. வண்டி அதே பெட்ரோல் வண்டி, ஓட்டுகிறவனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கார்புரேட்டருக்கு ஜெட்டும் நீடிலும் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு மட்டும் தெரிந்தது. தேதி முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தும் பலர் கடைசி மாதம் வரை ஆர்டர் வருகிறதே என்று இருந்துவிட்டார்கள்.

சரி, நாட்டுக் கேள்விக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டு மொத்த வருமானத்தில் உற்பத்தித் தொழிலின் பங்கு முப்பது வருடத்துக்கு மேலாக நூற்றுக்கு 13லிருந்து 18க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. 2011ல் ஒரு கொள்கை போட்டு, 2022க்குள் 25 ஆக்குவோம் என்றார்கள். 2014ல் மேக் இன் இந்தியா என்று அதே 25ஐ மறுபடி சொன்னார்கள். ஆகவில்லை. 2020லிருந்து, உற்பத்திக்கு ஏற்ற ஊக்கத்தொகை என்று செல்போன், மருந்து, வாகன பாகம் எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கினார்கள், செல்போனில் பலன் தெரிகிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். மதுரைக்கு அதில் எவ்வளவு வந்தது என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வியட்நாம்காரர்கள் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலையைத் திறந்திருக்கிறார்கள், நான்குவழிச் சாலையில் நமக்கு இரண்டரை மணி நேரம். அது உங்கள் பட்டறைக்கு நேராக ஆர்டர் தரும் என்று கனவு காணாதீர்கள், அவர்களுக்குச் சப்ளை செய்பவருக்குச் சப்ளை செய்பவர் வரைக்கும் வேண்டுமானால் எட்டிப் பார்க்கலாம்.

உங்களை மாதிரிப் பட்டறைகளுக்கு இதைவிட நெருக்கமான மாற்றம் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1967லிருந்து, இன்ன பொருளைச் சிறுதொழில்தான் செய்யலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. ஒரு காலத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட அயிட்டம். ஒவ்வொன்றாக எடுத்து, கடைசி 20ஐயும் 2015ல் எடுத்துவிட்டார்கள். அந்த வேலி நல்லதா கெட்டதா என்று இரண்டு பக்கமும் வாதம் உண்டு. வேலிக்குள் இருந்த பல பேர் இருபது வருடம் ஒரே மிஷினை ஓட்டிக்கொண்டு சுகமாக இருந்துவிட்டார்கள் என்பதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கடன் கொடுத்தவனே நான்தானே. இப்போது வேலி இல்லை. உங்களுக்கு வரும் ரேட், புனேயில் இருப்பவனும் ராஜ்கோட்டில் இருப்பவனும் என்ன ரேட் சொல்கிறான் என்பதை வைத்து வருகிறது. ஆகவே உங்களுக்கு வந்திருப்பது முதல் வகையும் இரண்டாம் வகையும் கலந்தது. பொருள் இருக்கிறது. அதை இனி மிஷின் செய்யும், அது உங்கள் ஷெட்டிலும் இருக்கலாம், வேறொருவன் ஷெட்டிலும் இருக்கலாம்.

அதனால்தான் கணக்கு. 22 லட்சம் மிஷின், ஜிஎஸ்டி தனி, அதை வரவு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் 5 லட்சத்து 50 ஆயிரம் போட்டு, மீதி 16 லட்சத்து 50 ஆயிரம் கடன், வட்டி 10.5, ஐந்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 35,500. அவர்கள் டிராயிங்கில் சொன்ன சைக்கிள் டைம் 45 செகண்ட் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மணிக்கு 80 பீஸ் என்று சேல்ஸ்மேன் சொல்வான். கம்பி (பார்) மாற்றுவது, இன்செர்ட் என்கிற வெட்டும் முனையை மாற்றுவது, அளந்து பார்ப்பது, ஆப்பரேட்டர் டீ குடிப்பது, கரண்ட் போவது எல்லாம் போக 65 கிடைத்தால் உங்களுக்கு நான் மாலை போடுவேன். 20,000 பீசுக்கு 308 மணி நேரம், அதாவது இரண்டு ஷிஃப்ட். இரண்டு ஆப்பரேட்டர், ஆளுக்கு 20,000 என்றால் 40,000, அதற்குக் குறைத்துச் சொன்னால் ஹோசூருக்கோ பைக் டெலிவரிக்கோ போய்விடுவான். கரண்ட் மணிக்கு 45 ரூபாய் போட்டால் 13,900. இன்செர்ட், கூலன்ட், ஆயில் மணிக்கு 30 போட்டால் 9,200. கூட்டுங்கள், 98,600. வரவு 20,000 தரம் 4.20, அதாவது 84,000.

மாதம் 14,600 கையைக் கடிக்கிறது. இதில் ஷெட் வாடகை இல்லை, வண்டிக் கூலி இல்லை, ரிஜெக்ஷன் இல்லை, உங்கள் சம்பளம் இல்லை, பையன் சம்பளம் இல்லை. ஒரு பீசுக்கு அடக்கமே 4 ரூபாய் 93 காசு. 5 ரூபாய் 75 காசுக்குக் கீழே இந்த வேலையைத் தொடக்கூடாது என்பது என் கணக்கு. உங்கள் கரண்ட் பில்லும் சம்பளமும் வேறாக இருந்தால் அதைப் போட்டு நீங்களே திருப்பிப் பாருங்கள். தவணை முடிந்த பிறகு லாபம்தானே என்று ஒருவர் சொல்வார், பெரும்பாலும் மிஷின் விற்க வந்தவர் சொல்வார். ஐந்து வருடத்தில் மிஷினும் தேய்ந்திருக்கும், வருடா வருடம் ரேட்டைக் குறைக்கச் சொல்லி மெயிலும் வந்திருக்கும்.

கம்பெனிக்காரர்களிடம் கோபப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கும் மேலே ஒருவன் ரேட்டைக் குறைக்கச் சொல்கிறான். இந்தக் கணக்கை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவர்கள் பர்ச்சேஸ் ஆளைப் போய்ப் பாருங்கள். கெஞ்சாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: ரேட், மாதம் 20,000 என்பதை எழுத்தில், பணம் எத்தனை நாளில். கடைசியாகக் கேட்பதுதான் முக்கியம். பில் 90 நாள் கழித்து வந்தால் உங்கள் பணம் இரண்டரை லட்சம் எப்போதும் அவர்களிடமே கிடக்கும், அதற்கும் நீங்கள்தான் வட்டி கட்டுவீர்கள். சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள், இணையத்தில் இலவசம், புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். பதிவு இருந்தால் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு பிடியும் இருக்கிறது, அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை வருமான வரிக் கணக்கில் அவர்கள் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்ட முடியும். ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். இருக்கிற ஒரே பார்ட்டி மேல் யார் புகார் கொடுப்பார்கள் என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. புகார் வேண்டாம். டிரெட்ஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, உங்கள் பில்லை அந்தக் கம்பெனி ஏற்றுக்கொண்டால் ஒரு வங்கி உடனே பணம் தந்துவிட்டு அவர்களிடம் பிறகு வாங்கிக்கொள்ளும். 250 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ள கம்பெனிகள் அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அதில் என் பில்லை ஏற்றுவீர்களா என்று கேட்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

ரேட் ஒத்துவந்து மிஷின் வாங்குவதாகவே முடிவானாலும் வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், பத்திரம் கேட்பது எங்களுக்கு எவ்வளவு சுலபம் என்று தெரியும். சிறு, குறு நிறுவனங்களுக்குச் சொத்து ஈடில்லாமல் கடன் தருவதற்கு சிஜிடிஎம்எஸ்இ என்ற அரசு உத்தரவாதம் 2000லிருந்தே இருக்கிறது. உங்கள் தொகை அதன் வரம்பில் ஒரு மூலைக்கு வராது. வருடத்துக்கு ஒரு சின்னக் கட்டணம் உண்டு, அவ்வளவுதான். முதல் கிளையில் மழுப்பினால் அடுத்த கிளைக்குப் போங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் மூலதன மானியம் பற்றியும் விசாரியுங்கள், ஆனால் அதைத் தவணைக் கணக்கில் சேர்க்காதீர்கள், வருகிறபோது வரும். மதுரைச் சிறுதொழில் சங்கமான மடீட்சியாவில் ஏற்கனவே சிஎன்சி போட்டவர்கள் நாலு பேரையாவது பிடித்து, முதல் வருடம் மிஷின் எத்தனை மணி நேரம் சும்மா நின்றது என்று கேளுங்கள். லாபத்தைக் கேட்டால் பொய் சொல்வார்கள், இதைக் கேட்டால் நிஜம் வரும்.

இன்னொன்று. ஒரே பார்ட்டிக்கு முக்கால்வாசி வேலை என்பதுதான் எலெக்ட்ரிக் வண்டியைவிடப் பெரிய ஆபத்து. உங்களைச் சுற்றி வாகனம் தவிர என்னவெல்லாம் ஓடுகிறது என்று பாருங்கள். ஸ்பின்னிங் மில் இன்னும் இருக்கிறது, ரைஸ் மில் இருக்கிறது, சிவகாசியில் அச்சு மிஷின் ஓடாத தெரு இல்லை, பம்பு செட் இருக்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டில் செய்பவர் இருக்கிறார். இவர்களுக்கெல்லாம் 20,000 பீஸ் வேண்டாம், 40 பீஸ் வேண்டும், அதுவும் நாளைக்கே வேண்டும். 40 பீஸ் வேலையில் ரேட்டைச் சொல்வது நீங்கள். 20,000 பீஸ் வேலையில் ரேட்டைச் சொல்வது அவர்கள். கையில் டிராயிங் கூட இல்லாமல் உடைந்த பாகத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று வந்து நிற்பவனை நீங்கள் இதுவரை தொந்தரவு என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

பையன் விஷயம். வீட்டம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, மாமனார் அலைந்ததை அவர்களும்தானே பார்த்தார்கள். பையன் ஆசைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அவனை நேராகப் பட்டறைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். இரண்டு வருடம் வெளியே, ஹோசூரோ கோயம்புத்தூரோ, பெரிய கம்பெனியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நடுத்தரக் கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதி, செட்டிங் போட்டு, இன்ஸ்பெக்ஷன் பக்கமும் ஆறு மாதம் உட்கார்ந்து வரட்டும். வாங்குபவன் ஒரு பீசை ஏன் ரிஜெக்ட் செய்கிறான் என்பதை அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு, இந்தப் பக்கம் வந்த பிறகு அது பெரிய பலம். அப்பாவின் பட்டறையில் முதல் நாளே முதலாளி மகனாக வந்து உட்கார்ந்தவன் மைக்ராமீட்டரைத் திருகுவதற்கு முன்னால் ஆட்களைத் திட்டக் கற்றுக்கொள்கிறான், இதையும் நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்தும் அவனுக்கு இதே ஆசை இருந்தால், மிஷினை அவனே தேர்ந்தெடுக்கட்டும். அதற்குள் ஒரு பழைய சிஎன்சி நல்ல நிலையில் பாதி விலைக்குக் கிடைத்தாலும் கிடைக்கும். வீட்டம்மாவிடம், அவன் வேலைக்குத்தான் போகிறான் என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை.

லேத்தை விற்கலாமா என்று கேட்டீர்கள். பழைய இரும்புக்காரன் கிலோ கணக்கில் விலை சொல்வான், நீங்கள் இருபது வருடம் துடைத்து எண்ணெய் போட்ட லேத் பெட்டுக்கும் சைக்கிள் ரிம்முக்கும் அவனுக்கு ஒரே தராசு. மூன்றில் ஒன்று ரொம்பத் தேய்ந்திருந்தால் அதைக் கொடுங்கள், அந்த இடத்தைக் காலி செய்து வையுங்கள், பின்னால் மிஷின் வந்தால் நிறுத்த இடம் வேண்டும். மற்ற இரண்டையும் தொடாதீர்கள். அந்த 40 பீஸ் வேலைக்கு சிஎன்சியில் செட்டிங் போடுகிற நேரத்தில் உங்கள் லேத்தில் பாதி பீஸ் முடிந்திருக்கும்.